காத்திருக்காதவர்கள்

ஸ்கெல்பி பொது மருத்துவமனையின் கண் பிரிவில் யாரும் காத்திருப்பதில்லை. இது வதந்தியல்ல. வாசலுக்கு மேலே பன்னிரண்டடி நீளத் துணியில் 'இங்கே காத்திருப்போர்: பூஜ்யம்' என்று நீல எழுத்தில் அச்சடித்து, நான்கு மூலையையும் இழுத்துக் கட்டியிருந்தார்கள். கடற்காற்று ஓயாத ஊர் என்பதால் அந்தத் துணி நாள் முழுக்கப் படபடத்துக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் முப்பத்தாறு நாற்காலிகள் இருக்கும். முப்பத்தாறிலும் ஆட்கள் இருப்பார்கள்.

லயனல் டாரன்ட் அந்தப் பிரிவின் மூத்த கன்சல்டன்ட், அதாவது தலைமை மருத்துவர். அவரை டாக்டர் என்று கூப்பிடக்கூடாது. ஐந்து வருஷம் படித்து டாக்டரானார். அதன்பின் இன்னும் பத்து வருஷம் முதுகொடிய உழைத்து, பதினொரு பரீட்சை எழுதி, அறுவை மருத்துவராகி, அந்தப் பட்டத்தைத் தூக்கிப் போடுகிற தகுதியைப் பெற்றார். அன்று முதல், அந்த நாட்டு அறுவை மருத்துவர்களின் வழக்கப்படி, மறுபடியும் வெறும் 'மிஸ்டர்'. விவரம் தெரியாமல் யாராவது டாக்டர் என்று சொல்லிவிட்டால் நர்சுகள் ஓடிவந்து காதைக் கடிப்பார்கள்.

கைதேர்ந்த மனிதர். ஒரு கண்புரையை ஒன்பது நிமிஷத்தில் எடுத்து லென்ஸ் வைத்துவிடுவார். இருபத்திரண்டு வருஷத்தில் ஸ்கெல்பியின் பாதிக் கண்கள் அவர் கைபட்டவை. மீன் வறுவல் கடைக்குப் போனால் வரிசை தானாக விலகும்.

வருஷத்துக்கு ஒருமுறை அவர் தன்னைப் பற்றித் தானே சிந்தித்ததாக எழுதிக் கொடுக்கவேண்டும். நாலு பக்கம். குறைவாகச் சிந்தித்தால் படிவம் திரும்பி வந்துவிடும். 'இந்த ஆண்டு செய்த தவறு, அதிலிருந்து கற்றது' என்ற பெட்டியில் எட்டு வருஷமாக அவர் ஒரே தவறைத்தான் எழுதிவந்தார்: 'அளவுக்கு மீறி உழைக்கிறேன்.' எட்டு வருஷமும் 'மிக ஆழமான சுயசிந்தனை' என்று மதிப்பெண் வந்தது.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் காபி எடுக்க வெளியே வந்தவர், ஜன்னலோர நாற்காலியில் ஒரு கிழவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். காலையிலும் அவர் அங்கேதான் இருந்தார். காலடிச் சத்தம் கேட்டதும் கிழவர் புன்னகையோடு முகத்தைத் திருப்பினார். ஆனால் டாரன்ட்டைப் பார்த்துத் திருப்பவில்லை. அவருக்கு ஒரு சாண் இடதுபக்கம் இருந்த தீயணைப்புக் கருவியைப் பார்த்துத் திருப்பினார்.

காபியை மறந்துவிட்டு டாரன்ட் நின்றார். அந்த ஒரு சாணுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும்.

"மிஸ்டர் டாரன்ட்தானே? செருப்புச் சத்தம் அதேதான்," என்றார் கிழவர்.

"யாரைப் பாக்கணும்?"

"உங்களத்தான் தம்பி. வில்ஃப் ஹேசல்டின். நாலு மாசம் கழிச்சு வாங்கன்னு சொல்லியிருந்தீங்க."

"எப்ப சொன்னேன்?"

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஜூலையில."

டாரன்ட் விரலை மடக்கிப் பார்த்தார். இருபத்தேழு மாதம். "ஏன் இவ்வளவு நாளா வரல?"

"நாங்களே கடுதாசி போடுவோம், அதுவரைக்கும் போன் பண்ணாதீங்கன்னு சீட்டுல எழுதியிருந்துச்சே. உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்னு பேசாம இருந்துட்டேன். புறா வளக்கிறவன் நான். காத்திருக்கிறது எனக்கு ஒண்ணும் புதுசில்ல."

வரவேற்பு மேஜையில் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள். "அவருக்கு இன்னைக்கு நேரம் குறிக்கல மிஸ்டர் டாரன்ட். நான் சொல்லிட்டேன். சும்மா உக்காந்திருக்கேன்னு சொல்றாரு."

டாரன்ட் அவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். மோவாயைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, வெளிச்சத்தைப் பாய்ச்சி, கண்ணின் அடிவரை பார்த்தார். க்ளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ஏறி நரம்பை ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டு வருகிற நோய். வலிக்காது, சிவக்காது; நடுப்பார்வை கடைசிவரை தெளிவாக இருக்கும் என்பதால் தெரியவும் தெரியாது. வில்ஃபின் வலது கண் முடிந்துவிட்டிருந்தது. இடது கண்ணில் ஒரு சாவித் துவாரம் அளவு மிச்சம் இருந்தது.

"ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"எனக்கில்ல. புறாக்கள்லதான் ஏதோ மாத்தம். முன்னெல்லாம் பந்தயத்தன்னைக்கு வானத்தோட ஓரத்துல ஒரு புள்ளியா வர்றதப் பாப்பேன். இப்ப என்னடான்னா, வானம் காலியா இருக்கு, திடீர்னு பாத்தா கூண்டுமேல உக்காந்திருக்கு. பரவால்லயே, வேகம் கூடியிருக்கேன்னு நெனச்சேன்." வில்ஃப் கொஞ்சம் சிரித்தார். "சந்தோஷமாக்கூட இருந்துச்சு."

டாரன்ட் மருந்துச் சீட்டை எடுத்தார்.

"மருந்தக் கூட்டிப் போட்டா சரியாயிடுமா?"

"மிச்சம் இருக்கிறதக் காப்பாத்தலாம். போனது வராது."

"அப்ப அந்த நாலு மாசத்துலயே வந்திருந்தா?"

டாரன்ட் மருந்துச் சீட்டில் எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்த பிறகும் பேனா தாளின்மேல் நின்றது. வில்ஃப் அந்த மௌனத்தைக் கேட்டுவிட்டு, "சரி தம்பி," என்று எழுந்து தொப்பியைத் தேடினார். அது கண்ணெதிரே மேஜையில்தான் இருந்தது.

டாரன்ட்டின் செயலாளர் மோரீன் டகெட். அந்தக் கட்டடத்தில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, கதவைச் சாத்தி, கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்தைத் திறந்தார். தலைப்பில் 'பின்தொடர் இருப்பு' என்றிருந்தது.

"இத யாரும் தொறக்கிறதில்ல. தொறந்தா மெஷின் படுத்துக்குது."

பக்கம் மெல்ல மெல்ல நிரம்பியது. பெயர், தெரு, 'மிஸ்டர் டாரன்ட் பார்க்கச் சொன்ன தேதி'. தேதிகளெல்லாம் பழையவை. பெயர்கள் கீழே போய்க்கொண்டே இருந்தன.

"எத்தன பேரு மோரீன்?"

"நாலாயிரத்து அறுநூத்திப் பன்னெண்டு. வருஷா வருஷம் மேல எழுதிப் போட்டிருக்கேன். ரசீது குடுத்தாங்க."

மறுநாள் டாரன்ட், நோயாளிகள் வந்துபோகும் கணக்கைக் கவனிக்கிற 'நோயாளி ஓட்டத்துறை'யின் இயக்குநர் பிப்பா கோல்ட்ரிக்கைப் பார்க்கப் போனார். சுறுசுறுப்பான, பளிச்சென்ற பெண். சுவரலமாரியில் ஏழு விருதுக் கோப்பைகள்.

"ஆமா லயனல், அந்தப் பட்டியல் இருக்கு," என்றார் பிப்பா, வானிலை பற்றிப் பேசுகிற குரலில். "ஆனா அவங்க காத்திருக்கலியே."

"நாலாயிரத்துச் சொச்சம் பேரு வீட்ல உக்காந்து நம்ம கடுதாசிய எதிர்பாத்துக்கிட்டிருக்காங்க."

"எதிர்பாக்கிறது வேற, காத்திருக்கிறது வேற. ஒரு தடவகூட உங்களப் பாக்காதவர்தான் காத்திருப்பவர். அவங்களுக்குக் கெடு இருக்கு, கடியாரம் ஓடும், மாசாமாசம் கணக்கு அனுப்பணும். ஒரு தடவ பாத்துட்டா, அவர் 'பராமரிப்புக்குள் இருப்பவர்'. கடியாரம் நின்னுடும். உண்மையில சொல்லப்போனா நம்மகிட்ட ரொம்பப் பாதுகாப்பா இருக்கிறவங்க அவங்கதான்."

"அவங்கள்ல ஒருத்தருக்குக் கண்ணு போயிருச்சு, நேத்துதான் பாத்தேன்."

"கேக்கவே கஷ்டமா இருக்கு," என்றார் பிப்பா. உண்மையாகவே கஷ்டப்பட்டார், கண் கலங்கியது. "அவரோட அனுபவத்தப் பத்தி ஒரு கருத்துப் படிவம் குடுத்தீங்களா?"

அன்றிலிருந்து டாரன்ட்டுக்கு ஊர் வேறுமாதிரி தெரிய ஆரம்பித்தது. கடையில் ஒரு அம்மாள் பீன்ஸ் டப்பாவை மூக்கருகே கொண்டுபோய் வைத்துக்கொண்டு நின்றாள்; இவள் என் பட்டியலில் இருப்பாளோ என்று நினைத்தார். சாலையோரம் ஒருவர் காலால் விளிம்பைத் துழாவிவிட்டு இறங்கினார். சர்ச் வாசலில் யாரோ கைகொடுத்தார். கை அவருடைய கையைத் தவறவிட்டுக் கோட்டைத் தொட்டது. "மன்னிக்கணும், வெளிச்சம் சரியில்ல," என்றார் அவர். நல்ல வெயில். பெயரைக் கேட்க டாரன்ட்டுக்குத் தைரியம் வரவில்லை. எங்கே போனாலும் முகங்கள் அவரைப் பார்த்துத் திரும்பின, ஒரு சாண் தள்ளி. ஆபரேஷன் தியேட்டரில் பச்சைத் துணிக்கு நடுவே தெரிகிற ஒற்றைக் கண்ணைப் பார்க்கும்போதுகூட, இதன் மற்றொன்றை நான் எப்போது பார்க்கச் சொன்னேன் என்று யோசனை ஓடியது. ஒன்பது நிமிஷம் பதினைந்தாயிற்று. அதற்கு மட்டும் உடனே ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

வில்ஃப் அடுத்த செவ்வாயும் வந்தார். கூட ஒரு பெண்மணி. அதற்கடுத்த செவ்வாய் நாலு பேர்.

"உங்களுக்குத்தான் ஜனவரிக்கு நேரம் குறிச்சாச்சே," என்றார் டாரன்ட்.

"எனக்காக வரல தம்பி. பதினாலாம் நம்பர் பஸ்ல டிரைவருக்குப் பின்னாடி இருக்கிற இடம் எங்களோடது. தடவிக்கிட்டே வந்து உக்காந்துடுவோம். எல்லாருக்கும் உங்க சீட்டு கெடச்சிருக்கு, நாலு மாசம், ஆறு மாசம்னு. தனியா வர வெக்கப்படறாங்க. தொந்தரவா இருக்குமோன்னு. நான் இருந்தா வர்றாங்க."

வெறுமனே உட்கார்ந்திருப்பார்கள். சத்தம் கிடையாது. கோரிக்கை அட்டை கிடையாது. யாராவது பெயர் கூப்பிடும்போது மட்டும் எல்லாத் தலையும் நிமிரும்.

நிர்வாகம் உடனடியாகச் செயல்பட்டது. முதலில், 'காத்திருப்பு அறை' என்ற பலகைதான் மக்களைக் காத்திருக்கத் தூண்டுகிறது என்று கண்டறிந்து, அதைக் கழற்றி 'நல்வாழ்வுக் கூடம்' என்று மாட்டினார்கள். வருகை குறையவில்லை, பலகையை யாராலும் படிக்க முடியவில்லை. பிறகு நேரம் குறிக்காமல் வருவதன் தீமைகளை விளக்கி ஒரு துண்டறிக்கை வந்தது. எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. அதற்கடுத்து, முப்பத்தாறு நாற்காலியில் இருபத்தெட்டை எடுத்துவிட்டார்கள். வந்தவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பார்வை குறைந்தவர்கள் நிற்பது விழும் அபாயம் என்று பாதுகாப்புக் குழு ஆட்சேபித்தது. எனவே நின்றவர்களுக்கெல்லாம் 'விழக்கூடியவர்' என்று மஞ்சள் பட்டை கட்டினார்கள்.

டிசம்பரில் பிப்பா கோல்ட்ரிக்குக்கு ஒரு நல்ல யோசனை வந்தது. வில்ஃபைக் கூப்பிட்டு, 'நோயாளித் தூதர்' என்று ஒரு பேட்ஜ் குத்தினார். தூதர் தொண்டர் வகையில் வருவதால், அவர் அங்கே உட்கார்ந்திருப்பது பணி ஆகிவிடும், காத்திருப்பு ஆகாது.

"பேட்ஜ் இருந்தா நாற்காலி உண்டா?" என்று வில்ஃப் கேட்டார்.

"கண்டிப்பா."

"அப்ப நம்ம ஆளுங்களுக்கும் குடுத்துடு கண்ணு."

கிறிஸ்துமசுக்குள் ஸ்கெல்பி கண் பிரிவில் இருபத்தொன்பது தூதர்கள். அந்த வட்டாரத்திலேயே அதிகம். எட்டாவது கோப்பை வந்தது. நாற்காலிகளும் திரும்பி வந்தன.

ஜனவரியிலிருந்து டாரன்ட் சனிக்கிழமைகளில் பட்டியலை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்தார். மோரீன் வந்து கதவைத் திறப்பார், டீக்குக் கெட்டிலைப் போடுவார். ஒரு நாளைக்கு முப்பது பேர். பெரும்பாலோருக்குப் பெரிய சேதமில்லை. சிலருக்கு இருந்தது. அவர்களிடம் ஒவ்வொரு முறையும், போனது வராது என்ற அதே வாக்கியத்தைச் சொல்லவேண்டியிருந்தது. சொன்னவுடன் அவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒன்றையே கேட்டார்கள்: நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?

சேதம் கண்ட ஒவ்வொருவருக்கும் ஒரு சம்பவப் படிவம் நிரப்பவேண்டும் என்பது விதி. நாற்பத்தேழு கேள்விகள். பத்தொன்பதாவது கேள்வி: 'இந்தச் சம்பவத்தைக் கண்ணால் பார்த்த சாட்சி எவரேனும் உண்டா?' டாரன்ட் அந்தப் பெட்டியில் ஒவ்வொரு தடவையும் 'பார்த்திருக்க வேண்டியவன் நான்' என்று எழுதினார்.

மருத்துவ இயக்குநர் டாக்டர் ரூபர்ட் ஃபென்விக் அவரை அழைத்தார். ஒருகாலத்தில் தோல் மருத்துவர். பத்து வருஷமாக யாரையும் தொட்டதில்லை.

"உக்காருங்க லயனல். பிஸ்கட் எடுத்துக்குங்க. உங்களப் பத்தி எனக்குக் கவல." ஒரு வரைபடத்தைத் திருப்பிக் காட்டினார். ஐந்து வருஷத்துக்குத் தரையோடு ஊர்ந்த கோடு, ஜனவரியில் செங்குத்தாக ஏறியிருந்தது. "ஸ்கெல்பியில அஞ்சு வருஷமா ஒரு கண்ணுகூடப் போகல. நீங்க சனிக்கிழம பாக்க ஆரம்பிச்சீங்க. ரெண்டு மாசத்துல அறுபத்தொண்ணு. நான் உங்கமேல பழி போடல. கோடு சொல்லுது."

"நான் பாக்கறதாலயா கண்ணு போகுது?"

"நீங்க பாக்கறதாலதான் தெரியுது. தெரிஞ்சாத்தான் அது சேதம். தெரியாத வரைக்கும் அது என்ன? வாழ்க்க." ஃபென்விக் இரக்கத்தோடு முன்னால் குனிந்தார். "நாம எல்லாரும் நோயாளிக்காகத்தான் இருக்கோம் லயனல். ஆனா எந்த நோயாளி? கதவ வந்து தட்டறவரா, இல்ல கணக்குல இருக்கிறவரா? தட்டறவருக்கு ஒருத்தர்தான் சாட்சி. கணக்குல இருக்கிறவருக்கு மந்திரியே சாட்சி. ராத்திரி நிம்மதியாத் தூங்கணும்னா இத நீங்க புரிஞ்சுக்கணும். நான் நல்லாத் தூங்கறேன்."

"இந்த விதிய எழுதினது யாரு ரூபர்ட்?"

ஃபென்விக் கொஞ்சம் தயங்கினார். பிறகு அலமாரியிலிருந்து தடித்த கோப்பு ஒன்றை எடுத்து, தொண்ணூற்று நாலாம் பக்கத்தைத் திறந்து வைத்தார். 'பின்தொடர் வருகைகள்: ஒரு மறுகற்பனை'. இனிமேல் ஒருமுறை பார்க்கப்பட்டவர்கள் காத்திருப்போராகக் கருதப்பட மாட்டார்கள் என்ற வரிக்குக் கீழே, 'மூத்த கன்சல்டன்டின் ஒப்புதல்' என்ற இடத்தில், சாய்வான நீலக் கையெழுத்து. எல். டாரன்ட்.

அவருக்கு ஞாபகம் வந்தது. முழுப் பக்கமும் அல்ல, கையுறை மட்டும். ஒரு கண்ணுக்கும் அடுத்த கண்ணுக்கும் நடுவே, வலது கையுறையை மட்டும் உருவிவிட்டு, யாரோ நீட்டிய பேனாவால் போட்ட கையெழுத்து. படிக்கவில்லை. என்ன இது என்று கேட்டதும், "ஒண்ணுமில்ல, வழக்கமானதுதான்," என்று யாரோ சொன்னார்கள். அன்று காலை மட்டும் பன்னிரண்டு கண்புரை எடுத்திருந்தார்; அந்த எண்ணிக்கை நன்றாக நினைவிருந்தது.

"அதனால இதுல குத்தவாளின்னு யாரும் இல்ல பாருங்க," என்றார் ஃபென்விக் அன்பாக. "பிஸ்கட் எடுத்துக்கலையே நீங்க."

அவரை மனவுறுதிப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மெல்லிய குரலுள்ள ஓர் இளைஞர், பத்து மருத்துவர்களைப் பாயில் படுக்க வைத்து, கண்ணை மூடச் சொன்னார்.

"லயனல், உங்களுக்கு என்ன தெரியுது?"

"பேருங்க."

"ரொம்ப நல்லது. அந்தப் பேருங்கள மேகம்னு நெனைங்க. பிடிச்சு வைக்காதீங்க. மெதுவாக் கடந்து போக விடுங்க."

"அஞ்சு வருஷமா அதத்தான் பண்ணியிருக்கோம்," என்று டாரன்ட் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

நேராக மோரீனிடம் வந்தார். சனிக்கிழமைக்கு முப்பது என்று போனால் பட்டியல் முடிய மூன்று வருஷம். அதற்குள் எத்தனை சாவித் துவாரங்கள் மூடிக்கொள்ளும்? ஒரு கடிதம் எழுதவேண்டும் என்றார். மோரீன் தட்டச்சு செய்தார்.

'நீங்கள் குறிப்பிட்ட மாதத்தில் மறுபடி வரவேண்டும் என்று நான் சொன்னேன். நாங்கள் உங்களைக் கூப்பிடவில்லை. நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. கூப்பிடத் தேவையில்லை என்ற தாளில் கையெழுத்துப் போட்டது நான், படிக்காமல் போட்டேன். இதற்கிடையில் உங்கள் பார்வைக்குத் தீங்கு நேர்ந்திருக்கலாம். திங்கள்கிழமை காலை எட்டு மணிக்கு வாருங்கள். யாருக்கு அவசரம் என்று அன்றே பார்த்துப் பிரித்துவிடுவேன். வர முடியாதவர் யாரையாவது அனுப்புங்கள். லயனல் டாரன்ட்.'

"எழுத்து என்ன சைஸ்? பன்னெண்டுதான் விதி," என்றார் மோரீன்.

"இருபத்திரண்டு."

"எல்லாருக்கும் ஒரே பொத்தான்ல போயிடும். ஆனா ஒப்புதல் கேக்குதே."

"யாரோடது?"

மோரீன் திரையைக் குனிந்து பார்த்தார். "மூத்த கன்சல்டன்டோடது."

டாரன்ட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடிதத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை இரண்டு முறை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

அந்தத் திங்கள்கிழமைதான் தேசிய 'பூஜ்யக் காத்திருப்பு' விருதுக் குழு பார்வையிட வருகிறது என்பது டாரன்ட்டுக்குத் தெரியாது. மோரீனுக்குத் தெரியும். அவரை யாரும் கேட்கவில்லை.

ஏழு மணிக்கே கார் நிறுத்துமிடம் நிறைந்துவிட்டது. பதினாலாம் நம்பர் பஸ் மூன்று நடை வந்து மூன்று நடையும் காலியாகத் திரும்பியது. வெள்ளைப் பிரம்புகள், மகள்களின் தோள்கள், ஒருவர் கோட்டின் பின்பக்கத்தை ஒருவர் பிடித்த நீண்ட வரிசைகள். தொள்ளாயிரம் பேர் இருக்கலாம். எல்லோர் கையிலும் அந்தக் கடிதம். துணிப் பதாகைக்குக் கீழே, அதைப் படிக்க முடியாமல், காற்றில் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஃபென்விக் படியில் வந்து நின்றார். "யாரு இவங்கள்லாம்?"

"யாருமில்ல," என்றார் பிப்பா வெளிறிப்போய். "அதாவது... கம்ப்யூட்டர் கணக்குல யாருமில்ல."

விருதுக் குழுத் தலைவி, சிவப்புக் கோட்டு அணிந்த அம்மாள், பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். ஃபென்விக் சட்டென்று திரும்பி, "மக்கள் பங்கேற்பு," என்றார். "எங்க தூதர்களோட வருடாந்திரக் கூடல்." அம்மாள் அசந்துபோய்க் குறித்துக்கொண்டார்.

பின்னால் நடந்ததையும் சொல்லிவிடலாம். விருது ஸ்கெல்பிக்கே கிடைத்தது. மக்கள் பங்கேற்புக்குச் சிறப்புப் பாராட்டோடு. டாரன்ட் அந்த வெள்ளிக்கிழமையே பணியிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டார். பதினோரு மாதம் விசாரித்த குழு, கடிதத்தின் எழுத்து அளவு விதிக்கு மாறானது என்ற முடிவுக்கு வந்தது. சனிக்கிழமை மருத்துவம் நிரந்தரமாயிற்று. அதை முதலில் கண்டுபிடித்தவர் என்று பிப்பா கோல்ட்ரிக் மூன்று மாநாடுகளில் பேசினார், நன்றாகவே பேசினார். மோரீன் கம்ப்யூட்டரில் ஏதோ செய்துவைத்தார். அந்தப் பழைய பக்கம் இப்போது யார் திறக்காவிட்டாலும் காலை எட்டு மணிக்குத் தானாகத் திறந்துகொள்கிறது. டாரன்ட் கத்தியை மறுபடி எடுக்கவில்லை.

ஆனால் அந்தத் திங்கள்கிழமை எட்டு மணிக்கு அவர் இன்னும் மூத்த கன்சல்டன்ட். பட்டியலை எடுத்துக்கொண்டு மேல்படியில் ஏறி நின்றார். உள்ளே இரண்டு இளம் மருத்துவர்களும் நாலு நர்சுகளும் கருவிகளோடு தயாராக இருந்தார்கள். யாரும் அவர்களுக்கு ஆணையிடவில்லை, வந்துவிட்டார்கள்.

அவர் முதல் பெயரைப் படித்தார். "இருக்கேன்," என்று ஒரு குரல். ஒரு நர்ஸ் இறங்கிப்போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். இரண்டாவது பெயர். "இருக்கேன்." மூன்றாவது. "எங்கப்பா. போன நவம்பர்ல போயிட்டாரு. கடுதாசி வந்துச்சு, அதான் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்." டாரன்ட் தலை குனிந்து, "சொன்னதுக்கு நன்றி," என்றார். அந்த மனிதர் போகாமல் அங்கேயே நின்றார்.

சில பெயர்களுக்குப் பதில் வரவில்லை. அப்போதெல்லாம் வில்ஃப் கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தார். "மில் தெருவுல இருந்தவங்க. மகவீட்டுக்குப் போயிட்டாங்க." "அவரு வருவாரு. மெதுவா நடப்பாரு." மோரீன் பக்கத்தில் நின்று குறித்துக்கொண்டே வந்தார். பத்து மணி ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. டாரன்ட்டுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

"ஹில்டா மார்ச்பேங்க்ஸ்."

பதில் இல்லை. வில்ஃபும் ஒன்றும் சொல்லவில்லை. டாரன்ட் தேதியைப் பார்த்தார். மூன்று மாதத்தில் வரச் சொன்னது. நாலரை வருஷம் ஆகியிருந்தது. அந்த முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார், வரவில்லை.

"ஹில்டா மார்ச்பேங்க்ஸ்," என்றார், இன்னும் உரக்க.

"அடுத்தது போகலாமா மிஸ்டர் டாரன்ட்?" என்றார் மோரீன் மெல்ல.

அவர் அடுத்த பெயருக்குப் போகவில்லை. முன்வரிசையில் இருந்த ஒருவர் பின்னால் திரும்பி, கைக்கு அகப்பட்ட சட்டையைத் தொட்டு, "நீங்க ஹில்டாவா?" என்று கேட்டார். "நானில்ல," என்ற அந்தப் பெண் தனக்குப் பின்னாலிருந்தவரின் கையைப் பிடித்துக் கேட்டாள். அவர் இன்னொருவரைக் கேட்டார். ஹில்டாவா? இங்க ஹில்டா யாராவது? ஒருவரையொருவர் தடவிக் கேட்டுக்கொண்டே, பெயர் கூட்டத்துக்குள் பின்னால் பின்னால் போயிற்று. கார்களுக்கு நடுவே போயிற்று. கேட்டைத் தாண்டிப் பஸ் நிறுத்தம் வரை போனது படியில் நின்ற டாரன்ட்டின் காதில் மெலிதாக விழுந்தது. அதற்கப்புறம் தொள்ளாயிரம் பேரும் வாயை மூடிக்கொண்டு, பதில் ஏதாவது வருகிறதா என்று கேட்டபடி நின்றார்கள்.